யாழ்ப்பாணக் குடாநாட்டில் நடை, சைக்கிள், பஸ்

க.பொ.த. (சாதாரண தரம்) – புவியியல்
போக்குவரத்து : பிரதேச ஆய்வு

மாணவர்களே, போக்குவரத்து என்றதும் வீதி, புகையிரதம், கடல், வான் என நான்கு தலைப்புகளை இட்டு ஒவ்வொன்றிலும் இரண்டு வரி எழுதி முடித்துவிடும் பழக்கம் எம்மிடையே உண்டு. உதாரணம் கேட்டால் கொழும்பு, அதற்கு மேல் கேட்டால் லண்டன். ஆனால் பரீட்சகர் எதிர்பார்ப்பது ஒரு பிரதேசத்தின் தரைத்தோற்றமும் குடியிருப்பும் அங்குள்ள போக்குவரத்தை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்னும் விளக்கத்தையே. அதற்கு நாம் தினமும் போய்வரும் குடாநாட்டைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது கடினம்.

முதலில் ஓர் எண்ணக்கருவை விளங்கிக்கொள்வோம். சொந்த மோட்டார் வாகனம் இல்லாத ஒருவர் பாடசாலை, வைத்தியசாலை, சந்தை, வேலைத்தலம் ஆகியவற்றை நியாயமான நேரத்துள் சென்றடைய முடியாத நிலையை வாகனச் சார்பு என்கிறோம். இது வாகனங்களின் எண்ணிக்கையை மட்டும் குறிப்பதன்று. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு காலத்தில் மிக நீண்ட மின்சார ரயில் வலையமைப்பு இருந்தது. 1960களின் தொடக்கத்தில் அது முற்றாக நின்றுபோனது. இடைக்காலத்தில் வீடுகளும் கடைகளும் காரில் மட்டுமே எட்டக்கூடிய தூரங்களுக்குப் பரந்துவிட்டன. அங்கே கார் இல்லாதவர் ஏறத்தாழ முடங்கிப்போனவரே. யாழ்ப்பாணம் அந்த நிலையில் இல்லை. இங்கு பெருகியிருப்பதும் காரைவிட மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியுமே. ஆயினும் எந்தத் திசையில் போகிறோம் என்பதே இப்பாடத்தின் வினா.

தரையும் குடியிருப்பும்

குடாநாடு சுண்ணக்கற் பாறைமீது அமைந்த சமதரை. மலையோ குன்றோ இல்லை. மழைகாலத்தில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றைத் தவிர ஆறு என்று சொல்லவும் ஒன்றில்லை. ஆகவே ஏற்றம் ஏறாமல், ஆறு கடக்காமல் வீதி அமைக்கலாம். சைக்கிள் மிதிப்பவருக்கு இதைவிட வாய்ப்பான நிலம் இலங்கையில் அரிது. கண்டியில் ஒரு கிலோமீற்றர் சைக்கிள் மிதிப்பதையும் கோண்டாவிலில் ஒரு கிலோமீற்றர் மிதிப்பதையும் ஒப்பிட்டால் விளங்கும்.

தடையாக இருப்பவை கடனீரேரிகள். அவை வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் எனக் குடாநாட்டைப் பிரித்து நிற்கின்றன. இப்பகுதிகளை இணைப்பவை நாவற்குழிப் பாலம், வல்லைப் பாலம், பண்ணைப் பாலம், பொன்னாலைப் பாலம் போன்ற சில இடங்களே. 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலம் குடாநாட்டைப் பூநகரியுடன் நேரே இணைத்தது. வரைபடத்தில் இடங்களைக் குறிக்கும் வினா வந்தால் இப்பாலங்களைத் தவறவிடாதீர்கள். எல்லாப் போக்குவரத்தும் வந்து குவியும் ஒடுங்கிய இடங்கள் இவைதாம்.

இன்னொரு தடையைப் பாடநூல்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை. அது காற்று. வைகாசி முதல் ஆவணி வரை வீசும் சோளகக் காற்றிலும் மார்கழிக் காலத்து வாடைக் காற்றிலும் வல்லை வெளியை எதிர்காற்றில் கடந்தவருக்குச் சமதரையும் ஏற்றமாகும் என்பது தெரியும். மரமோ மதிலோ இல்லாத வெளிகளில் சைக்கிளின் வேகம் பாதியாகக் குறைவது புதினமன்று.

வலிகாமத்தில் ஒரு கிராமம் முடிந்து மறுகிராமம் தொடங்கும் இடம் தெரியாத அளவுக்கு வீடுகள் தொடர்கின்றன. யாழ் நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி, பருத்தித்துறை வீதி, கண்டி வீதி, மானிப்பாய் வீதி என்பன ஆரைகளைப் போலப் பிரிந்து செல்கின்றன. இவ்வீதிகளுக்கிடையே ஒழுங்கைகளும் குச்சொழுங்கைகளும் பின்னிக் கிடக்கின்றன. கார் நுழைய முடியாத ஒழுங்கையில் சைக்கிள் நுழையும். நடையும் சைக்கிளும் ஊருக்குள்ளே, பஸ் பிரதான வீதியில் என்ற வேலைப்பிரிப்பு இந்த அமைப்பிலிருந்தே பிறந்தது.

நடந்தவர்களுக்காகக் கட்டப்பட்டவை

குடாநாட்டின் பழைய வீதியோரங்களில் சுமைதாங்கி, மடம், கேணி, ஆவுரோஞ்சிக் கல் என்பன காணப்படும். தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கிவைத்துத் திரும்பத் தூக்குவதற்கு ஏற்ற உயரத்தில் அமைந்தது சுமைதாங்கி. பருத்தித்துறையில் உள்ள தெருமூடி மடம் வீதிக்குக் குறுக்கே கூரை வேய்ந்தாற்போல அமைந்தது. வழிப்போக்கர் அதன் திண்ணைகளில் இளைப்பாறினர். இவற்றைப் பண்பாட்டுச் சின்னங்கள் என்று மட்டும் எழுதினால் புவியியல் விடையாகாது. இவை போக்குவரத்து உட்கட்டமைப்பு. இன்றைய எரிபொருள் நிரப்பு நிலையத்துக்கும் வாகனத் தரிப்பிடத்துக்கும் சமமானவை, நடந்தவருக்காகக் கட்டப்பட்டவை. ஒரு சமூகம் யாருக்காக வீதியோரத்தில் செலவு செய்கிறது என்பதை இவை காட்டுகின்றன.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் மகோற்சவ காலத்தில் ஆலயச் சூழலிலுள்ள வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படுகின்றன. ஆயிரக்கணக்கானோர் நடந்தே வருகின்றனர். அயலிலுள்ள வளவுகள் சைக்கிள் பாக்குகளாக மாறித் துண்டு கொடுத்துச் சைக்கிள்களைக் காக்கின்றன. ஒரு நகரப்பகுதியை நடப்பவர்களுக்கே விட்டுவிடுவது முடியாத காரியம் என்று எவராவது வாதிட்டால் ஆண்டுதோறும் நடக்கும் இதை உதாரணமாகக் காட்டலாம்.

சைக்கிளின் எல்லை : ஒரு கணிப்பு

நடப்பவரின் வேகம் மணிக்கு 5 கிலோமீற்றர், சாதாரணமாகச் சைக்கிள் மிதிப்பவரின் வேகம் மணிக்கு 15 கிலோமீற்றர் எனக் கொள்வோம். அரை மணி நேரத்தில் முன்னவர் 2.5 கிலோமீற்றரும் பின்னவர் 7.5 கிலோமீற்றரும் செல்வர். இவற்றை ஆரைகளாகக் கொண்டு இரு வட்டங்கள் வரையுங்கள். பையின் பெறுமானம் 22/7 எனின், நடப்பவர் எட்டும் பரப்பளவு ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர். சைக்கிளில் செல்பவர் எட்டும் பரப்பளவு ஏறத்தாழ 177 சதுர கிலோமீற்றர். வேகம் மூன்று மடங்கானால் பரப்பளவு ஒன்பது மடங்காகிறது.

யாழ் நகரை மையமாகக் கொண்டால் நடப்பவரின் வட்டம் நல்லூரோடு ஏறக்குறைய முடிந்துவிடும். சைக்கிளின் வட்டத்துள் திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில், இணுவில், மானிப்பாய், கோப்பாய், நாவற்குழி எல்லாம் அடங்கும். ஒரு மாணவி தெரிவுசெய்யக்கூடிய பாடசாலைகளும் ரியூசன் வகுப்புகளும் நூலகங்களும் அந்த அளவுக்குப் பெருகுகின்றன. இதனையே அணுகுதன்மை என்கிறோம். (நகரின் தெற்கிலும் மேற்கிலும் கடனீரேரி இருப்பதால் முழு வட்டமும் தரையன்று, வீதிகளும் நேர்கோடுகளல்ல. உண்மைப் பரப்பு இதிலும் குறைவு. விடையில் இதையும் ஒரு வரியில் எழுதினால் நீங்கள் சிந்தித்து எழுதியிருக்கிறீர்கள் என்று பரீட்சகர் அறிவார்.)

1990 முதல் : கட்டாயத்தின் காலம்

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது யாழ்தேவி நின்றது. ஏ-9 வீதி மூடப்பட்டது. பெற்றோல், டீசல், உலர்மின்கலம் முதலியவை குடாநாட்டுக்குள் வருவது தடுக்கப்பட்டது. ஒஸ்ரின், மொரிஸ் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. இயந்திரத்தைத் தொடக்குவதற்கு மட்டும் சில துளி பெற்றோல் விடப்பட்டது. மண்ணெண்ணெயும் தட்டுப்பாடானதே. ஆகவே பெரும்பாலானோருக்குச் சைக்கிளே வாகனமாயிற்று. நோயாளி, விறகு, மரக்கறி மூடை, பனையோலை, கரியரிலும் பாரிலுமாக முழுக் குடும்பம் என எல்லாமே சைக்கிளில் சென்றன. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சில்லைச் சுழற்றி, டைனமோவில் பிறக்கும் மின்னில் வானொலிச் செய்தி கேட்டதும் இக்காலத்திலேயே. பெண்கள் சைக்கிளோட்டுவது குடாநாடெங்கும் வழமையாகிப்போனதும் இந்த ஆண்டுகளில்தான்.

1995 ஒக்டோபர் 30இல் தொடங்கிய இடப்பெயர்வில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தின் வழியாகத் தென்மராட்சிக்குச் சென்றனர். மழைக்குள் நடந்தும் சைக்கிளை உருட்டியுமே பெரும்பாலோர் சென்றனர். நெரிசலில் சைக்கிளை ஓட்ட இடமிருக்கவில்லை. அது சுமை தாங்கும் வண்டியாகவே பயன்பட்டது. பாலங்கள் ஒடுங்கிய இடங்கள் என முன்னர் கூறியதை இங்கு பொருத்திப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. இக்காலத்தைச் 'சூழலுக்கு இயைந்த போக்குவரத்தின் பொற்காலம்' என்று சில மாணவர் எழுதுகின்றனர். அது தவறான விளக்கம். வேறு வழியே இல்லாதபோது மக்கள் செய்தது தெரிவு ஆகாது. அம்புலன்ஸ் ஓட எரிபொருள் இல்லாத ஊரில் சைக்கிள் பெருகியதைச் சாதனையாகக் கொள்ளலாகாது. ஆனால் இன்னோர் உண்மையும் இருக்கிறது. குடாநாட்டின் பாடசாலைகளும் சந்தைகளும் அலுவலகங்களும் அக்காலத்தில் இயங்கின. இத்தனை குறைந்த எரிபொருளில் அவை இயங்க முடிந்தமைக்கு இடங்களுக்கிடையிலான தூரம் குறைவாக இருந்ததும் தரை சமமாக இருந்ததும் முக்கிய காரணங்கள். விடையில் இரண்டையும் எழுதுக.

2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டு, 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009இன் பின்னரே நிலையாகத் திறந்தது. அதன்பின் காப்பற் வீதிகளும் தவணைக் கட்டண முறையில் மோட்டார் சைக்கிள்களும் வந்தன.

பஸ் ஏன் தோற்கிறது?

1958 சனவரி 1இல் பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கை போக்குவரத்துச் சபை உருவானது. 1970களின் இறுதியில் தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. குடாநாட்டில் இன்று இரண்டும் ஓடுகின்றன. இவற்றுக்கு அப்பால் எமக்கே உரியது தட்டிவான். கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே சந்தைக்குப் போகும் பெண்களையும் அவர்களது கடகங்களையும் தேங்காய், வாழைக்குலைகளையும் சைக்கிள்களையும் சேர்த்தே ஏற்றிய வாகனம் அது. ஆளும் பொருளும் ஒரே வண்டியில் போகலாம் என்பதை நவீன பஸ்கள் மறந்துவிட்டன என்றே தோன்றுகிறது.

இப்போது மீண்டும் கணிப்போம். பஸ்ஸுக்கு நடந்து போக 5 நிமிடம், காத்திருக்க 10 நிமிடம், இறங்கி நடக்க 5 நிமிடம், ஆக 20 நிமிடம். பஸ்ஸின் சராசரி வேகம் மணிக்கு 30 கிலோமீற்றர் எனில் ஒரு கிலோமீற்றருக்கு 2 நிமிடம். சைக்கிளுக்கு ஒரு கிலோமீற்றருக்கு 4 நிமிடம், காத்திருப்பு இல்லை.

கோண்டாவிலிலிருந்து நகருக்கு 5 கிலோமீற்றர் எனக் கொண்டால் சைக்கிளுக்கு 20 நிமிடம், பஸ்ஸுக்கு 30 நிமிடம். சைக்கிள் வெல்கிறது. பருத்தித்துறையிலிருந்து ஏறத்தாழ 33 கிலோமீற்றர். சைக்கிளுக்கு 132 நிமிடம், பஸ்ஸுக்கு 86 நிமிடம். பஸ் வெல்கிறது. இரண்டும் சமமாகும் தூரம் 10 கிலோமீற்றர் (இரண்டுக்கும் 40 நிமிடம்).

காத்திருப்பு 10 நிமிடத்திலிருந்து 30 நிமிடமாக உயர்ந்தால் என்ன நடக்கும்? மொத்த மேலதிக நேரம் 40 நிமிடமாகும். இரண்டும் சமமாகும் தூரம் 20 கிலோமீற்றராகிவிடும். அதாவது சாவகச்சேரியிலிருந்து வருபவருக்கும் பஸ் பயனற்றதாகிறது. அவர் 15 கிலோமீற்றர் சைக்கிள் மிதிப்பாரா? மாட்டார். ஒரு கிலோமீற்றரை 1.5 நிமிடத்தில் கடக்கும் மோட்டார் சைக்கிளை வாங்குவார். பஸ்ஸின் வேகமோ ஆசனமோ மாறவில்லை, காத்திருப்பு மட்டுமே மாறியது. சந்தியில் ஆள் நிரம்பும்வரை நிற்கும் பஸ்ஸும், இரவு வகுப்பு முடியுமுன் கடைசிப் பயணத்தை முடித்துக்கொள்ளும் பஸ்ஸும் ஒவ்வொரு நாளும் மோட்டார் சைக்கிள் கடைக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. மோட்டார் சைக்கிளை வாங்கியவர் பஸ்ஸுக்குத் திரும்புவதில்லை. பயணிகள் குறையச் சேவையும் குறைகிறது. சேவை குறையப் பயணிகள் மேலும் குறைகின்றனர். எஞ்சி நிற்பவர் யார்? முதியோர், சிறுவர், கர்ப்பிணிகள், மோட்டார் சைக்கிள் வாங்க வசதியற்றோர். வாகனச் சார்பு என்ற எண்ணக்கருவின் முழுப் பொருளும் இந்த எஞ்சியோரிடத்திலேயே தெரிகிறது.

பஸ்ஸை நேரத்தில் மட்டும் ஒப்பிடுவதும் முறையன்று. பருவகாலச் சீட்டுள்ள மாணவருக்கு அது மிக மலிவு. மழையில் நனையாமல் போகலாம். சந்தியிலுள்ள சைக்கிள் பாக்கில் சைக்கிளை விட்டுவிட்டுப் பஸ் ஏறுபவர் இரண்டின் நன்மையையும் பெறுகிறார். தீவகத்தில் இது இன்னும் நீள்கிறது. நெடுந்தீவுக்குப் போகிறவர் குறிகட்டுவான் வரை பஸ்ஸிலும் அங்கிருந்து படகிலும் செல்வார். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலைக் கடக்கப் 'பாதை' எனப்படும் மிதவை உண்டு.

புகையிரதம் பற்றிச் சுருக்கமாக. 1905இல் குடாநாடு கொழும்புடன் இணைக்கப்பட்டது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1990இல் நின்றுபோன சேவை 2014 ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணத்தையும் 2015 சனவரியில் காங்கேசன்துறையையும் மீண்டும் வந்தடைந்தது. கொடிகாமம், சாவகச்சேரி, நாவற்குழி, கொக்குவில், கோண்டாவில், சுன்னாகம், தெல்லிப்பழை எனச் சனநெருக்கமான ஊர்களினூடாகவே பாதை செல்கிறது. ஆயினும் சேவைகள் பெரும்பாலும் நெடுந்தூரப் பயணத்துக்கானவை. குடாநாட்டினுள் பாடசாலை, அலுவலக நேரங்களுக்கென அடிக்கடி ஓடும் குறுந்தூரச் சேவைக்கு இப்பாதையில் இடமுண்டு என்பது எமது கருத்து.

2022 : இரண்டாவது கட்டாயம்

2022இன் பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி இருக்கவில்லை. நிரப்பு நிலையங்களின் முன் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்டன. அவ்வாண்டு யூலையில் அறிமுகமான கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்கு முதலில் வாரம் 4 லீற்றர் பெற்றோலே ஒதுக்கப்பட்டது. கொட்டில்களில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் வெளியே வந்தன. ரயரும் ரியூப்பும் மாற்றுவதற்குத் திருத்தகங்களில் ஆட்கள் காத்திருந்தனர். டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை உயர்ந்தமையால் புதிய சைக்கிளின் விலையும் பன்மடங்காகியது. சைக்கிள் ஏழையின் வாகனம் என்று எழுதிப் பழகியவர்கள் அவ்வாண்டு அதன் விலையைக் கேட்டுத் திகைத்தனர்.

எரிபொருள் திரும்பியதும் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளுக்கே திரும்பினர். சோம்பல் என்று ஒரு சொல்லில் முடித்துவிடக் கூடாது. வேகமாக வாகனங்கள் ஓடும் காப்பற் வீதியில் ஓரமாகச் செல்லும் சைக்கிளுக்குத் தனி இடம் இல்லை. விஞ்ஞானப் பாடத்தில் இயக்க சக்தி கதியின் வர்க்கத்துக்கு நேர்விகிதமானது எனப் படித்திருக்கிறீர்கள். மணிக்கு 30 கிலோமீற்றரில் வரும் வாகனத்தைவிட 60 கிலோமீற்றரில் வரும் அதே வாகனம் நான்கு மடங்கு சக்தியுடன் மோதும். தன் மகளை இந்த வீதியில் சைக்கிளில் விடத் தயங்கும் தாயின் தயக்கத்துக்கு இதுவே காரணம். அவர் மகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்கிறார். அதனால் பாடசாலை வாசலில் இன்னொரு வாகனம் கூடுகிறது. அடுத்த தாயின் தயக்கமும் கூடுகிறது.

பிற இடங்கள்

தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் எழுத்தறிவுப் பணியோடு கிராமப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்பிக்கப்பட்டது. பஸ்ஸுக்கும் ஆண்துணைக்கும் காத்திருந்த பெண்கள் தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் தாமே சைக்கிளில் புறப்பட்டனர். தடை நிலத்தில் இருக்கவில்லை, வழக்கத்தில் இருந்தது. யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு அதே ஆண்டுகளில் முற்றுகை செய்ததை அங்கு ஒரு திட்டம் செய்தது என ஒப்பிடலாம்.

நெதர்லாந்தும் எம்மைப்போலச் சமதரை, எதிர்காற்றும் உண்டு. அங்கும் 1950களிலும் 60களிலும் கார் பெருகிச் சைக்கிள் குறைந்தது. வீதிகளில் குழந்தைகள் இறப்பதை எதிர்த்து 1970களில் பெற்றோர் போராடினர். 1973இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அதன் பின்னரே தனிச் சைக்கிள் பாதைகள் பரவலாக அமைக்கப்பட்டன. தரை சமமாக இருந்தது மட்டும் போதவில்லை என்பதைக் கவனிக்க.

பரீட்சைக் குறிப்பு

'நடை, சைக்கிள், பஸ் ஆகியவற்றை ஊக்குவிப்பதன் நன்மைகள் யாவை?' என்ற வினாவுக்கு 'சூழல் மாசடைவது குறையும், உடல்நலம் பேணப்படும்' என்று நிறுத்திக்கொள்ளும் விடை எந்த நாட்டுக்கும் பொருந்தும். ஆகவே குறைந்த புள்ளியையே பெறும். 'வலிகாமத்தின் சமதரையும் நெருக்கமான குடியிருப்பும் காரணமாக யாழ் நகருக்கான பயணங்கள் பல 10 கிலோமீற்றருக்கு உட்பட்டவை. இத்தூரத்தில் சைக்கிள் பஸ்ஸைவிட விரைவானது' என்று தொடங்கும் விடை இடத்தையும் காரணத்தையும் ஒருங்கே தருகிறது.

பயிற்சி வினாக்கள்

1. யாழ்ப்பாணக் குடாநாட்டின் புறவுருவப் படமொன்றில் ஏ-9 வீதி, வடபகுதிப் புகையிரதப் பாதை, நாவற்குழிப் பாலம், வல்லைப் பாலம், பண்ணைப் பாலம், சங்குப்பிட்டிப் பாலம் ஆகியவற்றைக் குறிக்குக. (6 புள்ளிகள்)

2. 1990களிலும் 2022இலும் குடாநாட்டில் சைக்கிள் பாவனை அதிகரித்தமைக்கான காரணங்களை ஒப்பிடுக. இவ்விரு காலங்களிலும் ஏற்பட்ட மாற்றம் நிலைத்ததா? உமது விடைக்குக் காரணம் தருக. (8 புள்ளிகள்)

3. உமது வகுப்பிலுள்ள மாணவர்கள் பாடசாலைக்கு வரும் தூரம், வரும் வழி, எடுக்கும் நேரம் ஆகியவற்றை அட்டவணைப்படுத்துக. 5 கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரத்திலிருந்து மோட்டார் வாகனத்தில் வருவோரிடம் அதற்கான காரணத்தைக் கேட்டு எழுதுக. அக்காரணங்களுள் வீதியை மாற்றுவதால் தீரக்கூடியவை எவை, பஸ் நேரத்தை மாற்றுவதால் தீரக்கூடியவை எவை, இரண்டாலும் தீராதவை எவை என வகைப்படுத்துக. (10 புள்ளிகள்)